ஆயுதபூஜை மைக்கும் மூன்று எழுத்தும்

நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்துவிட்டால் ஒரு திமிர் வரும் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது. எனக்குப் பத்தாவது படிக்கும்போது வந்தது.

எண்பதுகளின் கடைசி. அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் உதவியாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிவேலை செய்தே பழகிய எங்கள் குடும்பத்தில், கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவர்தான். தமிழில் தன் பெயரை எழுதுவதோடு சரி, படிக்கத் தெரியாது. பெட்டிமேல் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தின் உருவத்தை வைத்தே, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குப் போவோம். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம். எங்களுக்குப் பொரி, லட்டு. அந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை விளையாட்டு வைத்தார்கள். கரும்பலகையில் மூன்று எழுத்து எழுதுவார்கள். அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளை மைக்கில் மாறி மாறிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அவுட்.

"எம் பொண்ணுதான் ஜெயிக்கும்" என்று அப்பா ஒரு மாதமாகப் பஸ்ஸில் சொல்லி வைத்திருந்தார். எனக்கு எதிராக நின்றவள் அவருடைய சூப்பர்வைசர் மகள், பெங்களூர் கான்வென்ட். நான் தோற்றால் அப்பா மறுநாள் பஸ் ஏற முடியாது. (ஏறலாம். தலை நிமிர்ந்து ஏற முடியாது.) நானோ வாயில் நுழையாத வார்த்தைகளாகப் பொறுக்கி, ஒரு நோட்டு முழுக்க உருப்போட்டிருந்தேன்.

பலகையில் எழுதினார்கள்: இ, ஏ, ஆர். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். நான் நியர் என்றேன், அவள் ஹார்ட் என்றாள். நான் ஹியர் (காதால் கேட்கிற ஹியர்), அவள் லேர்ன். அதோடு என் சரக்கு தீர்ந்தது. நோட்டிலிருந்த பெரிய பெரிய வார்த்தைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

கூட்டத்தில் அப்பா எழுந்து நின்றார். "கியர் சொல்லு பாப்பா. பேரிங்கு சொல்லு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டோர் சாமானையெல்லாம் கத்தி மானத்தை வாங்குகிறாரே!

"நீ கம்முனு உக்காருப்பா. உனக்கு எழுத்தே தெரியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன். மைக் வாயருகில் இருந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடைவரை கேட்டிருக்கும்.

கூட்டம் சிரித்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். நடுவர் அந்த இரண்டு வார்த்தையையும் பலகையில் எழுதி, அவர் சொன்னது சரிதான், ஆனால் வெளியிலிருந்து சொன்னால் செல்லாது என்றார். நான் அவுட். தினமும் தூக்குகிற பெட்டியில் இருக்கும் மூன்று எழுத்தை அவருக்கா அடையாளம் தெரியாது? எனக்குத்தான் தெரியவில்லை. மக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். "நான் நடுவுல பேசியிருக்கக் கூடாது பாப்பா" என்றார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

அதன்பிறகு வீட்டில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "எனக்கு எழுத்தே தெரியாதுன்னு எம் பொண்ணு மைக்குலயே சொல்லிருச்சு" என்பார். சொந்தபந்தம் விழுந்து விழுந்து சிரிக்கும். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் இதைச் சொல்லாமல் பந்தி எழுந்ததில்லை.

என் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, அப்பாவிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். கம்பெனி ஆஜர் புத்தகத்தில் தினமும் தன் பெயரை அழகாகத் தமிழில் எழுதியவர், கட்டைவிரலை நீட்டினார். "எனக்குத்தான் எழுத்து தெரியாதே பாப்பா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் பெயருக்குக் கீழே அவருடைய கைநாட்டு இன்னும் இருக்கிறது.