டப்பா இன்ஸ்பெக்டர்

அடுத்தவர் வயிற்றைக் காப்பாற்றவென்றே அவதாரம் எடுத்த ஓர் இனம் உண்டு. உங்கள் ஆபீசிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் மாற்றலாகி வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் கிடங்கில் அவர் ஸ்டோர் கீப்பர். நாங்கள் வைத்த பெயர் டப்பா இன்ஸ்பெக்டர்.

மணி ஒன்றடித்தால் சாப்பாட்டு மேசையில் ஏழு டப்பாக்கள் திறக்கும். அவர் உட்கார மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் கரண்டியோடு ஒரு சுற்று வருவார். ஊறுகாய், உப்பிட்ட மீன், புகையில் வாட்டிய இறைச்சி, எதுவும் தப்பாது.

"ஐயையோ, இவ்வளவு உப்பா? வயிறு என்னத்துக்குய்யா ஆகும்? கேன்சர் என்ன, லெட்டர் போட்டுட்டா வரும்?"

சொல்வதில் தப்பில்லை. உப்பையும் புகையையும் குறை, காயும் பழமும் தின்னு என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். தப்பெல்லாம் அடுத்த காரியத்தில். அந்தப் பண்டத்தை உங்களிடமே விட்டுவைத்தால் தின்று தொலைத்துவிடுவீர்களே! ஆகவே பறிமுதல். பறித்ததைக் குப்பையில் கொட்டலாமா? ஆகவே அவர் வாயில். ஏழு பேருக்கு வரவேண்டிய ஆபத்தையும் ஒருவராகவே விழுங்கி, ஏப்பம் விட்டு, வாசலில் ஒரு சிகரெட்டும் பிடித்துவிட்டு வருவார். என்ன தியாகம்!

ஆறு மாதமாக அவர் சட்டைப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. கேட்டால், "டயட்டுய்யா!"

போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவி நேரே சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டார்.

"வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்குற டெஸ்டுக்கு இவருக்கு மூணு தடவை தேதி வாங்கினேன். மூணு தடவையும் மேனேஜர் லீவு தரலைன்னு இவர் சொல்லிட்டார். யாருங்க அந்த மேனேஜர்?"

பறிகொடுத்த டப்பாவோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் விழித்தார். "அவர் லீவே கேக்கலையேம்மா!"

"வெறும் கேஸ் டிரபிள்மா, இதுக்குப் போய்..." என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஊர் வயித்தையெல்லாம் எட்டிப் பாக்குறீங்களே, உங்க வயித்தை ஒருத்தர் பாத்தா என்னங்க? எனக்குப் பயமா இருக்கு."

கரண்டியைக் கீழே வைத்தார். மறுநாள் டெஸ்டுக்குப் போனார். முடிவு இன்னும் வரவில்லை. மேசையில் ஊறுகாய் அப்படியே கிடக்கிறது. பறிக்க ஆளில்லை, தின்ன எங்களுக்கும் மனமில்லை.

இந்நேரம் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். இதை அவரிடம் காட்டக் கை துறுதுறுக்கும். காட்டுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: உங்கள் மேசை டிராயரில் இருக்கிறதே ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை, அது எத்தனையாவது?