பாதி விலையில் ஒரு ஏசி

என் அறை ஏசிக்கு வயது பதினெட்டு. அது குளிர்வித்ததைவிடக் கத்தியதுதான் அதிகம். மற்றவர்களுக்கு அது இரைச்சல், எனக்கு அது கோட்டைச்சுவர். சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, கேக்குதா?" என்பாள். கேட்காது. சத்தியமாகக் கேட்காது. சில நாள் கேட்டுத் தொலைக்கும், அந்தப் பழியையும் ஏசியின் தலையில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஆனால் அது கரண்டைக் குடித்த குடிக்கு அளவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் மின்சார ஆபீஸ் ஓர் அறிவிப்பு விட்டது. பழைய ஏசியை ஒப்படைத்துவிட்டு, கரண்ட் கம்மியாக இழுக்கும் புதியதை மாட்டினால் பாதி விலை மானியம். அன்றே சபதம் எடுத்தேன். புது ஏசி, பாதி விலை, அதே அறை, அதே நிம்மதி.

சபதத்தை மனைவியிடம் சொல்வதுதான் பெரும்பாடு. அவள் தையல்காரி. சமையலறை நடையில், போகிற வருகிறவர் இடித்துக்கொள்ளும் இடத்தில் மெஷினைப் போட்டுத் தைக்கிறாள். நாலு வருஷமாக என் அறையைக் கேட்கிறாள். ஏசி இருக்கிற அறையில் யாராவது மெஷின் போடுவார்களா என்று நானும் நாலு வருஷமாகத் தட்டிக்கழிக்கிறேன். பெரிய சண்டையை எதிர்பார்த்துப் போனேன். அவளோ, "நல்ல விஷயம்தானே, மாத்துங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் யோசனை ஒன்று முதல் சுற்றிலேயே தேறியது அன்றைக்குத்தான்.

விண்ணப்பம் ஒன்பது பக்கம். 'பயனாளர் அடர்த்தி' என்றது. 'குளிர்பரப்பு விகிதம்' என்றது. முதல் தடவை படித்தபோது எதுவும் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை, விண்ணப்பிப்பது நான்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பேசாமல் அவளிடமே கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"உங்க ரூம்ல மாட்டினா கால்வாசிதான் தருவாங்களாம்."

"ஏன்?"

"ஒரே ஆள் படுக்கிற ரூமாச்சே. நாலு பேர் புழங்குற ஹால்னா பாதி."

"நாம நாலு பேர்தானே?"

"உங்களையும் சேத்தா நாலு."

மற்ற மூவர் அவள், மகள், என் மாமனார். என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. இப்போதைக்கு ஹாலில் மாட்டுவது, மின்சார ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் பார்த்துவிட்டுப் போனதும் கழற்றி என் அறையில் மாட்டுவது. ஏசி மாட்டித் தரும் எலக்ட்ரீஷியனைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டேன். அரை மணி நேர வேலை சார் என்றார். ஆபீஸையும் மனைவியையும் ஒரே கல்லில் ஏமாற்றிய பூரிப்பில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் ஹாலில் படுப்பது போலத் தெரிய வேண்டாமா என்று அவள் கேட்டாள். நியாயமாகப் பட்டது. என் கட்டிலை நானே எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து தூக்கி வந்து மாமனார் கட்டில் பக்கத்தில் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பழைய ஏசியைக் கழற்றியதும் அது அடைத்திருந்த ஜன்னல் திறந்துகொண்டது. அறை முழுக்க வெளிச்சம், காற்று. அவள் அங்கே வெகுநேரம் நின்றாள். எதிர்மாடியில் காயும் துணியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஆய்வாளர் வந்தார். எங்களை எண்ணினார். கட்டில்களை எண்ணினார். அந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், காலி ரூம்" என்றேன் கம்பீரமாக. குறித்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, புது ஏசி சுவரோடு சேரும் இடத்தில் ஒரு முத்திரைத் தாளை ஒட்டினார்.

"இது எதுக்கு சார்?"

"அஞ்சு வருஷத்துக்கு இதை இடம் மாத்தக்கூடாது. மாத்தினா மானியத்தை ரெண்டு மடங்காத் திருப்பிக் கட்டணும். ஒன்பதாம் பக்கத்துல இருக்கே. உங்க வீட்டம்மா ரெண்டு தடவை போன் பண்ணி, நெசமா அஞ்சு வருஷம்தானான்னு கேட்டுக்கிட்டாங்களே."

எனக்கு ஹால் ஒருமுறை சுற்றி நின்றது. திரும்பிப் பார்த்தால் மனைவி அங்கே இல்லை. என் அறையிலிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. ஓடினேன். ஜன்னலடியில் தையல் மெஷின். அதன் பின்னால் அவள், கழுத்தில் அளவு நாடா.

"இது எப்போ?" என்றேன்.

"இப்பத்தான். காலி ரூம்னு நீங்கதானே அவர்கிட்ட சொன்னீங்க."

சொன்னேன்தான். எந்த இடத்தில் தோற்றேன் என்பதுதான் பிடிபடவில்லை. பாதி விலை மிச்சம், பில்லும் குறையப்போகிறது, திட்டம் என்னுடையது. ஆனால் அறை மட்டும் என்னுடையதில்லை.

ஹாலில் வந்து படுத்தேன். புது ஏசி ஜில்லென்று குளிர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. துளிகூட இல்லை. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு ஒரு தடவை எழுந்துபோய்க் கையை நீட்டிப் பார்த்தேன். மாமனார் பேப்பர் புரட்டுவது கேட்டது. பாத்ரூம் குழாய் சொட்டுவது கேட்டது. அறைக்குள் மெஷின் நின்றது. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.