வெள்ளிக்கிழமைப் புகை

வெள்ளிக்கிழமைதோறும் மலேசியாவின் திகாம் பத்து ஊரில் காற்று மட்டும் ஏன் கெட்டுப்போகிறது என்று ஜப்பானிலிருந்து பேராசிரியர் மோரித்தா கணினித் திரையில் கேட்டார்.

காற்றை அழகேசன்தான் கெடுத்துக்கொண்டிருந்தான்.

புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் மூன்றும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி அது. ரப்பர்த் தோட்டத்து ஓரம் வைத்திருந்த காற்றளக்கும் மிஷினுக்கு அழகேசன் பொறுப்பு. முனைவர் பட்டம் வாங்கியவன்தான். என்ன பிரயோஜனம்? புதுக் காடிக்கு, அதாவது காருக்கு, பூசை செய்வதுபோல் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டாவிட்டால் ஐயாவுக்குக் கை ஓடாது.

உண்மையைச் சொன்னால் வேலை ஒப்பந்தம் அதோடு சரி. பெண்டாங் வயல் பக்கம் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று அடித்துவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்த தாய்லாந்துக்காரி சுடா, தானும் அப்படித்தான் நினைத்ததாக உடனே ஒத்து ஊதினாள். பன்னாட்டு ஒத்துழைப்பின் அருமை அன்றுதான் அவனுக்குப் புரிந்தது.

மோரித்தா சும்மா இருப்பாரா? செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே தீயே இல்லை என்றார்.

அழகேசன் பூசையைச் செவ்வாய்க்கு மாற்றினான். கிழமை மாறும் புகையா என்று மனிதர் குதித்தார். காற்றின் திசை மாறியிருக்கும் என்றான் அழகேசன். மாறித்தான் இருக்கிறது என்றாள் சுடா.

பயந்துபோய்ப் பூசையையே நிறுத்தினான். புகை அடியோடு மறைந்தது. இதை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று மோரித்தா விமானம் ஏறிவிட்டார். சுடாவையும் வரச் சொல்லிவிட்டார்.

"பேசாம உண்மைய சொல்லிடுங்க லா," என்றாள் மனைவி பிரேமாவதி. "டாக்டர்னு போர்டு மாட்டிக்கிட்டு மிஷினுக்குக் குங்குமம் வச்சது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அவனுக்கும் அப்படித்தான் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மோரித்தாவும் சுடாவும் வந்து சேர, மூவரும் மிஷின் முன்னால் நின்றார்கள். எவ்வளவு தேய்த்தும் குங்குமச் சிவப்பு போகவில்லை. அழகேசன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினான்.

"வைக்கோலும் இல்ல, காத்தும் இல்ல சார். எல்லாம் நான் போட்ட சாம்பிராணி."

மோரித்தா குனிந்து குங்குமச் சிவப்பை விரலால் சுரண்டிப் பார்த்தார். வேலை போச்சு என்று அழகேசன் முடிவுகட்டினான்.

சுடாதான் நெஞ்சில் கை வைத்து, பேராசிரியருக்குப் புரியாத மலாயில் முணுமுணுத்தாள்.

"அப்பாடா, உங்க புகையா அது? எங்க மிஷினுக்கு நாங்க ஏத்துற ஊதுபத்திதான் பார்டர் தாண்டி இங்க வருதுன்னு பயந்துல்ல, நீங்க சொன்னதுக்கெல்லாம் ஆமா போட்டேன்."