கள்ளன் ஓடை மான் ஓடையான விவரம்

பெருமதிப்புக்குரிய அண்ணன் லாக்லன் அவர்களுக்குத் தம்பி ஃபின்லே பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். ஒன்பது நாளாக மழை, அதைத் தவிரக் குறையில்லை. கிளாஸ்கோ போலீசில் உங்களுக்கு சார்ஜெண்ட் பதவி வரப்போவது அறிந்து மகிழ்ச்சி. நம் வாசலில் ஓடுவதைக் கள்ளன் ஓடை என்று சர்க்கார் வரைபடத்தில் போட்டுவிட்டால் ஸ்டேஷனில் தலைகாட்ட முடியாது, எப்பாடுபட்டாவது பெயரை மாற்று என்று எழுதியிருந்தீர்கள். மாற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வரைபடக்காரர் கார்ப்பரல் ப்ராட் வந்தார். நம் கேலிக் மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஓடைக்கும் பெயர், பொருள், அது சரிதான் என்று மூன்று பெரிய மனிதர்களின் கையெழுத்து எல்லாம் வாங்க ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். நான் துணிந்து "ஆல்ட் அன் யே, மான் ஓடை" என்றேன். எழுதிக்கொண்டு, சாட்சிகளைக் கூட்டிவரச் சொன்னார்.

முதலில் போதகரிடம் போனேன். "ஏண்டா ஃபின்லே, அந்த ஓடையில என்னைக்காவது மானைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். போதகரிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. நம் தாத்தா ஆடு திருடி ஓடைப் பள்ளத்தில் ஒளித்த கதையை, அந்தப் பேச்சை எடுத்தாலே காலஞ்சென்ற அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்பதை, உங்கள் பதவியை, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். மனம் இளகி, மூன்று நாள் அவர் வீட்டு அடுப்புக்குக் கரி மண் வெட்டித் தரவேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போதகரே போட்டதால் பள்ளி வாத்தியார் வாசிக்காமலே போட்டார். விடுதிக்காரர் மட்டும் விஸ்கியை ஊற்றிவைத்து, "முழுக் கதையும் சொன்னாத்தான் பேனாவைத் தொடுவேன்" என்று அடம்பிடித்தார். சொன்னேன். விடுதியில் அப்போது பதினொரு பேர் இருந்தார்கள்.

கார்ப்பரலும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, நேர்மையான மனிதர், குறிப்புப் பகுதியில் இப்படி எழுதினார்: "மான் ஓடை. முன்பு கள்ளன் ஓடை. கள்ளன், இங்கே குடியிருக்கும் ஃபின்லே மக்ரேயின் தாத்தா. சொன்னவர் ஃபின்லே மக்ரே." வரைபடத்தில் பெயர் மட்டும்தான் வருமாம், குறிப்பு புத்தகத்தோடு சர்க்கார் அலமாரியில் தூங்குமாம். ஆகவே கவலை வேண்டாம். புத்தகம் நேற்றே இன்வர்னஸ் சர்க்கார் ஆபீசுக்குப் போய்விட்டது.

அண்ணியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். பதவி கிடைத்ததும் ஒரு வரி எழுதவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஃபின்லே

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு எஃபி அக்கா ஒரு பெரிய பாலாடைக்கட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஆடு திருடினது எங்க வீட்டுத் தாத்தாடா. பிடிச்சவருதான் உங்க தாத்தா. வெளிய சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தாரு. உங்கப்பாவும் சாகுறவரைக்கும் வாயே திறக்கல. நீ என்னடான்னா பழியையே உன் தலையில போட்டுக்கிட்ட! உன்னை மாதிரி மனுசன் உண்டா, மகராசனா இரு!" என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பாலாடைக்கட்டி நன்றாக இருக்கிறது. பாதியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.