சபாபதி நான் இல்லை

நாவல் எழுதியவன் பெண் பார்க்கப் போகவே கூடாது. போனாலும் நாவலை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

வெள்ளைக்கார துரைமார் காலத்தில், இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. ஒரு நாவலும் எழுதி அச்சிட்டிருந்தேன். அதில் கதை சொல்பவன் பெயர் சபாபதி. எதைப் பார்த்தாலும் விளங்காது என்பவன். பூ பூத்தால் உதிரும் என்பான். ரயில் வந்தால் கவிழும் என்பான். (அதை முழுக்கப் படித்தவர்கள் நானும் அச்சுக் கோத்தவரும்தான். அவருக்கு வேறு வழியில்லை.)

உக்குவளையில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகள் தெய்வானையைப் பார்க்க அத்தையுடன் போனேன். அதுவரை பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தோட்டத்து வீட்டில் தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

மாப்பிள்ளையின் பெருமை தெரியட்டும் என்று அத்தை, தாம்பூலத் தட்டில் வெற்றிலை, தேங்காய்க்கு நடுவே என் நாவலையும் வைத்துவிட்டார். குங்குமப் பொட்டு வேறு!

தட்டில் வந்த புத்தகம் மங்கல நூலாகத்தானே இருக்கும்? பெண்ணின் அப்பா கோயிலில் புராணம் படிக்கிறவர். ஒவ்வொரு வரியையும் ராகம் போட்டு இரண்டு தடவை படிப்பது அவர் வழக்கம். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். நான் "ஐயோ, வேணாங்க" என்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வீட்டில்... இந்த வருஷத்துக்குள்... ஓர் எழவு விழும்!"

எல்லாரும் பக்தியோடு கைகூப்பினார்கள். அவர் இரண்டாம் தடவையும் படித்தார். முடிக்கும்போதுதான் அர்த்தம் உறைத்தது.

"என்னா தம்பி இது?"

"நான் சொல்லலைங்க. சபாபதி சொல்றான்."

"யாரு அவன்? கூட வந்துருக்கானா?"

"கதையில வர்ற ஆளுங்க. அவன் வேற, நான் வேற."

பாவம், பேச்சை மாற்ற வெளியே பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு."

"வரும்ங்க. வந்தா ரோடு சரிஞ்சிரும்," என்றேன். பாழாய்ப்போன வாய்!

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். தட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பா எழுந்தார். கதவோரம் நின்ற தெய்வானை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க வீட்டுல யாரு செத்தாங்க?"

"அம்மா. தம்பிங்க ரெண்டு பேரு. ஒரே மழைக்காலத்துல. வெறும் காய்ச்சல்தான், போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்புனேன்."

"அப்ப சபாபதி நீங்கதான்."

அத்தனை பேர் முன்னால் அழுதே தொலைத்தேன். (பெண் பார்க்க வந்து மாப்பிள்ளை அழுதது அந்த ஊரில் அதுதான் முதல் தடவையாம்.)

"தட்டக் குடுக்காதீங்கப்பா," என்றாள் அவள். "பயப்படுற ஆளு வீட்டாளுங்கள நல்லாப் பாத்துக்குவாரு."

கல்யாணம் நடந்தது. அந்த வருஷ மழையிலேயே மாமனாருக்குக் காய்ச்சல். நான் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. "மாப்ள, அந்த வரிய ரெண்டு தடவ படிச்சுத் தொலச்சேனே!" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அவர் நெற்றியில் மறுபடி கைவைத்துப் பார்த்தேன். மறுநாள் போய்விட்டார். நான் இரண்டாவது நாவல் எழுதவே இல்லை.

இன்றும் வீட்டில் யாராவது இருமினால் நான் எழுந்து உட்காருவேன். உடனே பிள்ளைகள் முதல் தெய்வானை வரை, "சபாபதி வந்துட்டாரு, கதவச் சாத்து!" என்று கத்துவார்கள். நானே போய்ச் சாத்திவிட்டு வருவேன், இருமியது யாரென்று பார்த்து நெற்றியில் கைவைத்த பிறகு.