ஸ்டவ் ஏற்றும் முறை: ஒன்பது குறிப்புகள்

ஒரு நாளாவது காலைச் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவது என்று பள்ளிக்கூட வாத்தியார் பவுல்ராஜாகிய நான் சபதம் செய்தேன். குறுக்கே நின்றது பம்ப் ஸ்டவ். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஸ்டவ். நான் முதல் பக்கத்தை விரித்ததும் அடுப்படியிலிருந்து என் மனைவி ஜெயமேரியின் குரல் வரும்.

"ஏங்க, செத்த வந்து இதை ஏத்திட்டுப் போங்க!"

ஸ்டவ்வோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, தமிழில் ஒன்பது குறிப்புகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இனி எப்படிக் கூப்பிடுவாள்?

மறுநாளே கூப்பிட்டாள்.

"'பர்னர் போதிய அளவு சூடானதும் பம்ப் அடிக்கவும்'னு எழுதியிருக்கீக. போதிய அளவுன்னா எம்புட்டு? தொட்டுப் பாக்கவா?"

"ஐயையோ, தொட்டுறாதே!"

ஓடிப்போய் நானே ஏற்றினேன். 'பர்னரைச் சூடாக்க ஊற்றிய ஸ்பிரிட் எரிந்து அணையப்போகும் சமயத்தில்' என்று திருத்தினேன்.

அடுத்த நாள் காலை:

"அணையப் போகுதுன்னு முன்கூட்டியே எப்படிங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. வீட்டில் கடிகாரம் கிடையாது; தினமும் சொல்லும் மாதா ஜெபம்தான் உண்டு. 'ஆறு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம்' என்று எழுதினேன்.

"யாரு சொல்ற வேகத்துல? எங்கம்மா ஆறு சொல்றதுக்குள்ள சோறே வெந்துரும். நீங்க ஆறு சொன்னா தீக்குச்சிகூட அணையாது."

ஆகவே வேகத்தை அளக்க உட்கார்ந்தேன். தினமும் ஸ்டவ் முன்னால் மண்டியிட்டு, மந்திரம் சொல்லி, பம்ப் அடித்தேன். ஏற்றிய ஸ்டவ்வை வீணாக்குவானேன் என்று காப்பியும் போட்டேன். மூன்று வாரம் போயிற்று. தாளில் அடித்தல் திருத்தலே மிஞ்சியது.

"அடுப்படியிலகூட ஜெபம்! உங்க வீட்டுக்காரருக்கு என்ன பக்தி!" என்று உருகினாள் பக்கத்து வீட்டு ஆனந்தமேரி. அவளும் புது ஸ்டவ் வாங்கியிருந்தாள். "எப்படி ஏத்துறதுன்னு காட்டுங்களேன், அக்கா."

ஜெயமேரி தாளின் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பிரிட், தீக்குச்சி, திருகு, பம்ப். நீலத் தீ குபுகுபுவென்று எரிந்தது.

ஆனந்தமேரி போனதும் கேட்டேன்.

"உனக்கு இம்புட்டும் தெரியுமா?"

"வாங்கின அன்னைக்கே தெரியுமே. ஆனா எழுதுனது சரியான்னு எழுதுனவுகதானே செஞ்சு பாக்கணும்?"

"சரி, எல்லாம் தெளிவாயிருச்சுல்ல? நாளையிலிருந்து நான் பேப்பர் படிக்கலாமா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க தெளிவில்லாம இருந்துச்சு. அதையும் நானே எழுதிட்டேன்."

சுவரைப் பார்த்தேன். தாளின் அடியில், அவள் கையெழுத்தில் பத்தாவது குறிப்பு:

'மேற்கண்ட ஒன்பதையும் தினமும் காலையில் பவுல்ராஜ் செய்யவும்.'

சந்தேகம் கேட்க அதில் எனக்கு ஓர் இடம்கூட அகப்படவில்லை.