செவுள் சொன்ன தீர்ப்பு

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு டிராகனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதன், பொத்தேரியில் எங்கள் கல்லூரி விடுதியில்தான் இருந்தான்.

அவனுடைய நிஜப் பெயர் வாட்ச்மேனுக்கே தெரியாது. செவுள் என்று கேட்டால் மூன்றாவது மாடியைக் காட்டுவார். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்துக்காரன். அம்மா மீன் விற்பவர். அம்மா செவுளைத் தூக்கி மீனைப் பார்ப்பதைப் போலத்தான் மகன் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்ப்பான். முதல் மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முகத்தைத் திரையருகே கொண்டுபோவான். முகர்ந்தும் பார்த்தான் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. தீர்ப்பு இரண்டே வகை: 'பச்ச மீன்', இல்லாவிட்டால் 'நாறுது'. என் பிறந்தநாளுக்கு நான் ஆசையாகப் போட்ட படத்தை 'நாறுது' என்று சொல்லிவிட்டு, கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனான் பாவி.

அப்பேர்ப்பட்டவன் மயங்கிக் கிடந்தது ஒரே ஒரு தொடரில். மந்திரக் கோட்டை, அரக்கர்கள், இளவரசி எல்லாம் இருந்தும் அவனுக்குப் பிடித்தது வாசல் காவல்காரன். மொத்தத் தொடரிலும் அந்த ஆள் பேசியது நாலு வரி.

"எல்லாரும் சண்டைக்கு ஓட்றானுங்க மச்சான். இவன் மட்டும் நின்னுகினே கீறான் பாரு" என்பான். முதல் வருடம் ஐந்து பேப்பரில் தோற்று, பெட்டியைக் கட்டிவிட்டு, அந்தக் காவல்காரனைப் பார்த்துத்தான் பெட்டியைப் பிரித்தானாம்.

காவல்காரனை வைத்தே தனியாக ஒரு ஸ்பெஷல் எபிசோட் வரப்போகிறது என்று செய்தி வந்தது. அன்றுதான் செவுள் அந்தத் தப்பைச் செய்தான். பார்ப்பதற்கு முன்பே, "பச்ச மீனுடா!" என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலங்களோடு ஹாலே நிரம்பியது. செவுள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முதல் பத்து நிமிடம் பழைய காட்சிகளையே ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போனார்கள். காவல்காரன் கரையில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிராகன் வந்தது, வாய் மட்டும் அசைந்தது. படுமோசமாக இருந்திருந்தால் சிரித்தாவது தொலைத்திருப்போம். அதற்கும் வழியில்லை.

"இன்னா செவுளு, பச்ச மீனா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

ஆமாம் என்று அவன் ஒரு பொய் சொல்லிவிட மாட்டானா என்று எனக்கே தவிப்பாக இருந்தது.

"ஐஸ் மீன்டா. ஐஸ்ல வச்ச பழசு. நாறல. ஆனா கண்ணு வெளுத்துப் பூடுச்சி. செவுளத் தூக்காமச் சொன்னது என் தப்பு."

பிரியாணியைத் தொடாமல் எழுந்து போனான். யாரும் சிரிக்கவில்லை. விடுதியே இழவு விழுந்த வீடு மாதிரி ஆயிற்று.

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவன் அறைக்குப் போனேன். அதே கண்றாவியை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானேடா ஐஸ் மீன்னு சொன்ன?"

"பச்ச மீன வூட்ல யாரு துன்றது? அத்தெல்லாம் வித்துரும் எங்கம்மா. விக்காததுதான் எங்க கொயம்பு. அத்தயும் யாராச்சும் துன்னணும்ல மச்சான்?"

திரையில் காவல்காரன் துண்டோடு நின்றிருந்தான். செவுளுக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் முழுவதும் பார்த்தேன்.

இப்போது பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் முதலில் அவனுக்குத்தான் அனுப்புகிறேன். கடைசி வரியில் உள்ள பிழை வரை திருத்திவிட்டு, கீழே 'ஐஸ்' என்று போட்டு அனுப்புகிறான். ஒரு வாரம்கூட அவன் பாதியில் விட்டதில்லை.